கிரிப் அறிக்கையைக் கடைசிப் பக்கம் வரை வாசியுங்கள்

யாழ்ப்பாண மாவட்டத்திலுள்ள வங்கிக் கிளைகளின் முகாமையாளர்களுக்கும், கொடுகடன் பிரிவு அலுவலர்களுக்கும், இலங்கை மத்திய வங்கியில் நிதியியல் நுகர்வோரின் நலனுக்குப் பொறுப்பாக இருப்பவர்களுக்கும்,

மதிப்புக்குரிய ஐயா, அம்மையீர்,

கடந்த மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை, அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, வீடு கட்டக் கடன் கேட்டு யாழ்ப்பாண நகரிலுள்ள வங்கியொன்றுக்குப் போனேன். என் கையில் ஒரு நீலக் கோப்பு இருந்தது. அதில் கோப்பாயில் என் பெயரில் உள்ள 2 பரப்புக் காணியின் நன்கொடை உறுதி, நில அளவையாளர் வரைந்த படம், காணிப் பதிவகத்தில் எடுத்த பதிவேட்டுப் பிரதி, பிரதேச சபை அங்கீகரித்த வீட்டு வரைபடம், மேசன் எழுதித் தந்த செலவுக் கணிப்பு, பன்னிரண்டு மாதச் சம்பளச் சிட்டைகள் எல்லாம் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைச் சேர்க்க எனக்கு ஏழு மாதங்கள் பிடித்தன. அலுவலர் முதலில் என் அடையாள அட்டையைத்தான் கேட்டார். இலக்கத்தைக் கணினியில் பதிந்தார், திரையைப் பார்த்தார், பிறகு குரலைத் தாழ்த்தி, "கிரிப்பில உங்கட பேர் இருக்கு அக்கா, ஒண்டும் செய்யேலாது" என்றார். கிரிப் என்பது கடன் எடுத்தவர்களின் விவரங்களைத் திரட்டி வைக்கும் இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். அவர் கடுமையாகப் பேசவில்லை. உண்மையில் இரக்கத்தோடுதான் சொன்னார். ஆனால் கோப்பு திறக்கப்படவே இல்லை. நான் உள்ளே போய் வெளியே வர எடுத்த நேரம் கால் மணித்தியாலம்கூட இல்லை.

அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். எனக்காக மட்டும் எழுதவில்லை. நான் வேலை செய்யும் கடையிலேயே இதே பதிலை வாங்கிக்கொண்டு திரும்பியவர்கள் இன்னும் மூன்று பேர் இருக்கிறார்கள்.

முதலில் என் பெயர் அங்கே எப்படி வந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2019 ஆம் ஆண்டு என் தம்பி ஓட்டோ ஒன்றை லீசிங்கில் எடுத்தபோது நான் பிணை நின்றேன். அக்கா நிற்காமல் வேறு யார் நிற்பார்கள்? படிவத்தில் எனக்குக் காட்டப்பட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்து வைத்தேன். தவணை தவறினால் அது என் பெயரிலும் பதிவாகும் என்று அன்று எனக்கு யாரும் விளங்கப்படுத்தவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் பிழை. கொரோனாக் காலத்திலும் அவன் எப்படியோ சமாளித்தான். 2022 இல் எல்லாம் உடைந்தது. நாடு கடன்களைத் திருப்பிச் செலுத்த முடியாது என்று சித்திரை மாதம் அறிவித்தது, பெற்றோல் வரிசைகள் கிலோமீற்றர் கணக்கில் நீண்டன, எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூ.ஆர். முறை வந்தபோது முச்சக்கர வண்டிக்குத் தொடக்கத்தில் வாரத்துக்கு 5 லீற்றர்தான் கிடைத்தது. அந்த 5 லீற்றரில் எத்தனை சவாரி ஓடலாம் என்று நீங்களே கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டு புரட்டாதியில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. தவணை ஐந்து மாதம் தவறியபின் வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஏலத்தில் விற்ற பிறகும் 3 இலட்சத்து 40 ஆயிரம் ரூபாய் மீதி நின்றது. தம்பி வெறுங்கையோடு நின்றான். என் கலியாணத்துக்கு அம்மா போட்ட காப்புச் சோடியை விற்று, மிச்சத்தை மாதாமாதம் சம்பளத்திலிருந்து கட்டி, 2023 கார்த்திகையில் அந்தக் கணக்கைத் தீர்த்தேன். தீர்த்ததற்கான கடிதமும் அந்த நீலக் கோப்பில்தான் இருக்கிறது, கடைசித் தாளாக.

வங்கியிலிருந்து திரும்பிய பின் என் சொந்தக் கொடுகடன் அறிக்கையை நானே எடுத்துப் பார்த்தேன். ஒருவர் தன்னைப் பற்றிய அறிக்கையைத் தானே பெற்றுக்கொள்ளலாம் என்பது எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. எனக்கும் அதுவரை தெரியாது. அதில் மாதம் மாதமாகக் கட்டங்கள் இருக்கின்றன. தவணை எத்தனை நாள் பிந்தியது என்பதைக் காட்டும் எண்கள் அவற்றில் விழுந்திருக்கின்றன. அந்த எண்கள் ஏறி ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தந்த மாதங்களில் வீட்டில் நடந்ததெல்லாம் நினைவுக்கு வந்தது. இந்த எண் விழுந்த மாதம் தம்பி மூன்று நாள் பெற்றோல் வரிசையில் படுத்தான். அடுத்த எண் விழுந்த மாதம் பிள்ளையின் பால்மாவைக் குறைத்தோம். அறிக்கையில் அவை இல்லை. இருக்கவும் முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதே அறிக்கையில், வேறொரு பக்கத்தில், அந்தக் கடன் தீர்க்கப்பட்டுவிட்டது என்பதும், அதில் நான் பிணையாளி மட்டுமே என்பதும், என் சொந்தப் பெயரில் எடுத்த சிறு கடனொன்று ஒரு நாள்கூடப் பிந்தாமல் கட்டி முடிக்கப்பட்டது என்பதும் தெளிவாக இருக்கின்றன. அந்தப் பக்கம்வரை அன்று யாரும் போகவில்லை.

"கிரிப்பில் பெயர் இருக்கிறது" என்ற சொற்றொடரைப் பற்றியே நான் உங்களோடு பேச விரும்புகிறேன். இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம் 1990 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவானது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் கொடுக்கும் தகவல்களைத் திரட்டி, கேட்பவர்களுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. தன்னிடம் கறுப்புப் பட்டியல் எதுவும் இல்லை என்றும், கடன் கொடுப்பதா மறுப்பதா என்பதைத் தான் தீர்மானிப்பதில்லை என்றும் அந்தப் பணியகமே சொல்லி வருகிறது. அவற்றில் கடன் எடுத்த ஒவ்வொருவரின் பெயரும் அங்கே இருக்கும். ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் இருக்கும். புள்ளி என்று ஒன்று இப்போது கொடுக்கப்படுகிறது, அது 250 இலிருந்து 900 வரை போகிறது. அதுவும் ஓர் அளவுகோல் மட்டுமே. ஆகவே தீர்மானம் உங்களுடையது. உங்கள் தீர்மானத்தைப் பணியகத்தின் தலையில் போட்டு, "கிரிப் விடாது" என்று மக்களிடம் சொல்லி அனுப்புவது சரியல்ல என்று மரியாதையோடு சொல்கிறேன். அப்படிச் சொல்லக் கேட்டவர் அதை ஆயுள் தண்டனையாக எடுத்துக்கொள்கிறார். அதன்பிறகு அவர் எந்த வங்கிப் படியும் ஏறுவதில்லை.

வங்கியில் இருப்பது மற்றவர்களின் பணம் என்பதை நான் மறக்கவில்லை. என் அம்மாவின் நிலையான வைப்பும் ஒரு வங்கியில்தான் இருக்கிறது. அதைக் கண்ணை மூடிக்கொண்டு யாருக்கும் தூக்கிக் கொடுத்தால் நானே முதலில் சண்டைக்கு வருவேன். கட்ட முடியாதவருக்குக் கடன் கொடுப்பது உதவியும் அல்ல. பதினைந்து ஆண்டுக் கடனில் மூன்றாம் ஆண்டு தவறினால், வங்கி காணியை ஏலம் போடும், அம்மா சீதனமாகத் தந்த மண் போய்விடும். ஆகவே சலுகை கேட்கவில்லை. ஆராய்ந்து பார்த்து முடிவு சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

யாழ்ப்பாணத்தில் கடன் வரலாற்றை ஆராய்வதென்றால், அந்த வரலாறு எப்படி எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1995 ஐப்பசியில் போருக்கு அஞ்சி வலிகாமம் முழுவதும் ஓர் இரவில் தென்மராட்சிக்கு நடந்தது. 2006 ஆவணியில் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி மூடப்பட்டது. இப்படி வாழ்ந்த குடும்பங்களுக்குக் கடன் வரலாறு என்று எது இருந்திருக்கும்? 2009 க்குப் பிறகு வீதி திறந்தவுடன் நிதிக் கம்பனிகள் வரிசையாக வந்து கிளை திறந்தன. சம்பளச் சிட்டை கேட்காமல், உறுதி கேட்காமல், வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்தார்கள். இந்திய வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் வழங்கப்பட்டது. அது பெரிய உதவி, மறுக்க மாட்டேன், ஆனால் சீமெந்தும் கம்பியும் விலை ஏறிய காலத்தில் அந்தப் பணம் கூரையோடு முடிந்துவிட, கதவுக்கும் பூச்சுக்கும் பலர் நுண்கடனை நாடினார்கள். கிழமைக்குக் கிழமை வசூல். ஒன்றைக் கட்ட இன்னொன்று. நிலைமை எவ்வளவு மோசமாகியது என்பதற்கு அரசாங்கத்தின் நடவடிக்கைகளே சாட்சி: 2018 இல் வடக்கு உள்ளிட்ட, வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் பெண்கள் எடுத்து நிலுவையான 1 இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கப்பட்டது, நிதிக் கம்பனிகளின் நுண்கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்று மத்திய வங்கி உச்சவரம்பு போட்டது. 35 வீதத்துக்கு ஒரு வரம்பு தேவைப்பட்டதென்றால், அதற்கு முன் என்ன நடந்திருக்கும் என்பதை நான் எழுதத் தேவையில்லை. அந்தக் காலத்தில் விழுந்த கறை ஒருவரின் நாணயத்தைக் காட்டுகிறதா, அவர் அகப்பட்டுக்கொண்ட வலையைக் காட்டுகிறதா என்பதை நேரில் கேட்காமல் அறிய முடியாது.

எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓர் அக்காவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவருடைய கணவர் 2009 இல் காணாமற்போனவர். காணி அந்த அக்காவின் சொந்தப் பெயரிலேயே இருக்கிறது, அவர் வங்கியில் கடன் கேட்டபோது அவருடைய கடன் வரலாற்றில் ஒரு சிறு கறையும் இல்லை. ஆனால் எங்கள் மரபுச் சட்டமான தேசவழமையோடு சேர்ந்து வரும் 1911 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, மணமான பெண் தன் சொந்தக் காணியை ஈடு வைப்பதற்கும் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். கணவர் இருக்குமிடம் தெரியாதபோது மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதத்தை வழங்கலாம் என்று அதே சட்டத்தில் வழி இருக்கிறது. காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறவும் 2016 ஆம் ஆண்டின் சட்டம் இடம் தருகிறது. இதையெல்லாம் வங்கியில் யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை; "கணவரின் கையெழுத்து இல்லாமல் முடியாது" என்று மட்டும் சொன்னார்கள். அவர் வேறு வழியின்றி மூன்று நுண்கடன்களை எடுத்துச் சுவர் எழுப்பினார், ஒன்றைக் கட்டத் தவறினார், இன்றைக்கு அவருக்கும் "கிரிப்பில் பெயர்". முதல் நாளே ஒரு தாளில் இரண்டு வரி எழுதிக் கொடுத்திருந்தால் அந்தக் கறை விழுந்திருக்காது.

இனி, அறிக்கைக்குள் வராத நாணயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். கொக்குவிலில் நாங்கள் இருக்கும் வாடகை வீட்டுக்கு ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி வாடகை போகிறது. இப்போது 22 ஆயிரம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட சிறு கொப்பி ஒன்று என்னிடம் உண்டு. 2022 இல்கூட ஒரு மாதமும் வெறுமையாக இல்லை. நான் அங்கத்தவராக இருக்கும் சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் இரண்டு முறை கடன் எடுத்துத் தீர்த்திருக்கிறேன். அது எனக்குக் கிடைத்த அறிக்கையில் இல்லை. இருபது பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் எட்டு ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் மாதமே சீட்டை எடுத்தவர் கடைசி மாதம்வரை தவறாமல் கட்டுகிறாரா என்பதைவிட ஒருவரின் ஒழுங்கைக் காட்ட வேறென்ன வேண்டும்? சீட்டை வங்கி ஆவணமாக ஏற்க முடியாது என்பது விளங்குகிறது. ஆனால் வாடகைக் கொப்பியையும், சங்கத்தின் முத்திரையிட்ட கணக்குக் கூற்றையும், மின்கட்டணச் சிட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

ஈடு இல்லாமலும் நான் வரவில்லை. தனியார் நிறுவனத்தில் பதினான்கு ஆண்டுகள் கணக்கு எழுதுகிறேன். என் ஊழியர் சேமலாப நிதியில் ஏறக்குறைய 19 இலட்சம் ரூபாய் இருக்கிறது. அந்த மீதியின் 75 வீதம்வரை வீட்டுக் கடனுக்குப் பிணையாக வைக்கும் திட்டம் பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. அப்படியானால், நான் கேட்ட 30 இலட்சத்தில் ஏறக்குறைய அரைவாசிக்கு, என் கிரிப் அறிக்கை எப்படியிருந்தாலும், மத்திய வங்கி பராமரிக்கும் நிதியிலேயே பிணை கிடைக்கிறது. இதைப் பற்றி அன்று அலுவலர் கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை. வீடு கட்டும் கடனை நீங்கள் எப்படியும் ஒரே தடவையில் கொடுப்பதில்லை. அத்திவாரம், லிண்டல், கூரை என்று வேலை ஏற ஏறத்தான் விடுவிக்கிறீர்கள். பழைய கறை உள்ளவரிடம் அத்திவாரத்தை அவருடைய சொந்தப் பணத்தில் போடச் சொல்லுங்கள், முதல் பகுதியைச் சிறிதாகக் கொடுங்கள், ஓராண்டு தவணை ஒழுங்காக வந்தபின் அடுத்ததைக் கொடுங்கள். 14 இலட்சம் சேமிப்பு வைத்திருக்கும் நாங்கள் அதற்கு ஆயத்தமாகவே இருக்கிறோம்.

வட்டியைக் கூட்டித்தான் கொடுப்போம் என்றால் அதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நான் கணக்கு எழுதுபவள், போட்டுப் பார்த்தேன். 30 இலட்சத்தை 15 ஆண்டுக்கு 13 வீத வட்டியில் எடுத்தால் மாதத் தவணை 38 ஆயிரம் ரூபாய் அளவில் வரும், 15.5 வீதமென்றால் 43 ஆயிரம். பதினைந்து ஆண்டில் வித்தியாசம் 9 இலட்சத்துக்கு மேல், அதாவது வீட்டின் சமையலறையும் குளியலறையும் போன்ற ஒரு தொகை. முதல் மூன்று ஆண்டுகள் தவறாமல் கட்டினால் கூடுதல் வட்டி குறைக்கப்படும் என்று உடன்படிக்கையிலேயே ஒரு வரி சேர்ப்பீர்களானால், அந்த வரிக்காகவே ஒருவர் தவணையைத் தவறவிட மாட்டார். கொள்கை வட்டி 2023 பங்குனியில் 16.5 வீதம்வரை ஏறி, அதே ஆண்டு ஆனியிலிருந்து இறங்கத் தொடங்கியது. நாடே மீண்டு வந்ததை வட்டியில் காட்டிய நீங்கள், ஒரு குடும்பம் மீண்டு வந்ததையும் வட்டியில் காட்டலாம்.

மத்திய வங்கியிடம் நான் கேட்பது இரண்டு. பிணையாளியாக நின்று விழுந்த கறையையும் சொந்தக் கடனில் விழுந்த கறையையும், 2022, 2023 ஆண்டுகளின் பிந்தலையும் மற்றக் காலப் பிந்தலையும் வேறுபடுத்திப் பார்க்குமாறு வங்கிகளுக்கு ஒரு வழிகாட்டல் அனுப்புங்கள். வீட்டுக் கடன் மறுக்கப்படும்போது, எந்தக் கணக்கினால், எந்தக் காரணத்தினால் மறுக்கப்பட்டது, எதைச் சரிசெய்தால் மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்பதை எழுத்தில், வடக்குக் கிழக்கில் தமிழில், கொடுப்பதைக் கட்டாயமாக்குங்கள். தமிழ் இந்த மாகாணத்தின் நிருவாக மொழி என்று 1988 இல் அரசியலமைப்புக்குச் செய்த 16 ஆவது திருத்தம் சொல்கிறது. வங்கிக் கடிதத்தில் மட்டும் அது ஏன் அரிதாக இருக்க வேண்டும்?

காரணம் எழுத்தில் வராத இடத்தில் தரகர் வருகிறார். "கிரிப் கிளியர் பண்ணித் தாறன்" என்று 25 ஆயிரம் கேட்டு ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். கடன் கொடுத்த நிறுவனம் பிழையாக அனுப்பிய தகவலை அந்த நிறுவனமூடாகவே திருத்தலாம், உண்மையாகப் பிந்திய தவணையைப் பணம் கொடுத்து அழிக்க முடியாது என்பது எனக்கு அதற்குள் தெரிந்திருந்ததால் தப்பினேன். என்னோடு வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி தப்பவில்லை.

காணியில் போன ஆண்டு ஆவணியில் நாட்கல் வைத்தோம். அம்மாதான் வைத்தார்; அவருக்கு எழுபத்தாறு வயது. அத்திவாரக் கிடங்கு பாதி வெட்டியபடி இருக்கிறது, மாரி மழைக்கு அதில் தண்ணீர் நின்று கரை இடிந்துவிட்டது. இந்த ஐப்பசிக்கு முன் கல்லாவது கட்டிவிட வேண்டும் என்று மேசன் சொல்கிறார். நீலக் கோப்பைப் புதிய தாள்களோடு வருகிற வைகாசியில் அதே வங்கிக்குக் கொண்டுவருவேன். கடைசித் தாள்வரை பார்த்தபின் மறுப்பதென்றால் மறுங்கள். காரணத்தைத் தமிழில் எழுதித் தந்தால், அதை வைத்துக்கொண்டு நானும் கணவரும் இன்னும் எத்தனை மாதம் வாடகை வீட்டில் இருக்க வேண்டும் என்பதைக் கணக்குப் பார்த்துக்கொள்வோம்.

இங்ஙனம்,
உங்கள் உண்மையுள்ள,
கொக்குவிலில் வாடகைக்கு இருக்கும் கோப்பாய்க் காணிக்காரி